திருச்சியில் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது? சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

2024 கோடை விடுமுறையில் என் நண்பர் ஒருவர் சென்னை முடிச்சூரிலிருந்து குடும்பத்தோடு திருச்சிக்கு மாறினார். அவருக்குத் துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டையில் பாய்லர் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. மனைவி லேப் டெக்னீஷியன். தில்லைநகரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு இடம் உறுதியாகியிருந்தது. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. கூடவே நண்பரின் அம்மா. எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலி, சர்க்கரை. வாடகை 15,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நான் திருச்சிக்காரன் என்பதால் வீடு பார்த்த எல்லாக் கட்டத்திலும் கூட இருந்தேன். அவர்கள் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். நடுத்தர ஊர்களுக்கு மாறும் குடும்பங்கள் இப்போது நிறைய. அவர்களில் பலர் ஏரியாவின் பெயரைக் கேட்டே வீடு முடிவு செய்கிறார்கள், பிறகு தினமும் அதற்கான விலையைக் கொடுக்கிறார்கள். அதனால்தான் இது எழுத வேண்டிய விஷயமாகப் பட்டது.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் முதலில் சொல்வது ஒன்றுதான்: "சின்ன ஊர்தானே, எங்கே இருந்தாலும் இருபது நிமிஷம்." 2011 கணக்கெடுப்பில் திருச்சி நகரத் தொகுப்பின் மக்கள்தொகை சுமார் 10 லட்சம். வரைபடத்தில் பார்த்தால் எல்லாமே பக்கம்தான். ஆனால் இந்த ஊர் ஒரே ஊராக வளர்ந்ததில்லை. திருச்சி, ஸ்ரீரங்கம், பொன்மலை என்று மூன்று நகராட்சிகளாக இருந்தவற்றைச் சேர்த்து 1994-ல்தான் மாநகராட்சி ஆக்கினார்கள். மூன்றுக்கும் நடுவே காவிரி ஓடுகிறது, ரயில் பாதைகள் ஓடுகின்றன, சென்னை–மதுரை நெடுஞ்சாலை ஊரைக் குறுக்கே வெட்டிப் போகிறது. மேற்கில் கோரையாறும் குடமுருட்டியும், ஊருக்கு உள்ளேயே உய்யக்கொண்டான் வாய்க்காலும் இருக்கின்றன. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போக வேண்டுமானால் ஏதோ ஒரு பாலத்தில் ஏறியாக வேண்டும். பாலங்களோ எண்ணிவிடக்கூடிய அளவில்தான் இருக்கின்றன.

ஆகவே கிலோமீட்டரை விட்டுவிட்டு வேறு கணக்குப் போட்டோம். வீட்டிலிருந்து வெளியே போகிற ஒவ்வொருவரும் தினமும் எந்தப் பாலத்தைக் கடக்க வேண்டும், அது அடைபட்டால் மாற்று வழி உண்டா? நான்கைந்து ஏரியாக்களில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் இந்த ஆய்வின் பெரும்பகுதி.

ஸ்ரீரங்கம்

அம்மாவின் மனதில் வேறு ஊரே இல்லை. வருஷா வருஷம் சென்னையிலிருந்து ரயில் ஏறி வந்து பெருமாளைச் சேவித்துவிட்டுப் போனவர். "தம்பி, திருச்சிக்கு வந்துட்டு ஆத்துக்கு இந்தப் பக்கம் இருக்கறதுக்கு நான் முடிச்சூர்லயே இருந்துடுவேனே" என்று என்னிடம் நேராகவே சொன்னார்.

அவர் ஆசையில் பக்தி மட்டும் இல்லை, நியாயமும் இருந்தது. வயதானவர்கள் தனியாக நடமாட இந்த ஊரில் ஸ்ரீரங்கத்தைவிடத் தோதான இடம் கிடையாது. சித்திரை வீதி, உத்திர வீதி எல்லாம் சமதரை. பத்து நிமிஷ நடையில் கோயில், காய்கறி, மருந்துக்கடை, டிபன் கடை எல்லாம் இருக்கின்றன. காலையில் வாசல் திண்ணையில் உட்கார்ந்தால் பேச ஆள் கிடைக்கும். ரயில் நிலையமும் அங்கேயே இருக்கிறது. ராக்போர்ட், பல்லவன் போன்ற சென்னை வண்டிகள் நின்று போகும். மார்கழியில் பகல் பத்து, இராப் பத்து நாட்களில் கூட்டமும் வாகனத் தடையும் இருக்கும் என்றாலும், அதை அங்கே குடியிருக்கிறவர்கள் தொந்தரவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

சிக்கல் பாலத்தில்தான். ஸ்ரீரங்கத்தையும் சத்திரம் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976-ல் திறந்தது. பராமரிப்பு வேலைக்காக 2022-ன் பிற்பகுதியில் அதை மூடினார்கள், 2023 மார்ச்சில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த மாதங்களில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக இருக்கும் ஸ்ரீரங்கத்திலிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் போனவர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தவன் நான். எல்லா வண்டியும் நெடுஞ்சாலைப் பாலத்துக்குத் திரும்பி, சஞ்சீவி நகர் சந்திப்பில் வந்து குவிந்தது. நாங்கள் வீடு பார்த்தபோது பாலம் சரியாகத்தான் இருந்தது, பக்கத்திலேயே புதிய பாலத்துக்கான வேலையும் நடந்தது. ஆனாலும் நண்பரின் மனைவி தில்லைநகருக்கும் இரண்டு பிள்ளைகள் கன்டோன்மென்ட் பக்கத்துப் பள்ளிக்கும் தினமும் காவிரியைக் கடந்து திரும்ப வேண்டும். நண்பர் நெடுஞ்சாலைப் பாலம் ஏறிப் பால்பண்ணை வழியாக இருபது கிலோமீட்டருக்கு மேல் துவாக்குடிக்கு ஓட்ட வேண்டும். அம்மா ஒருவர் வாரத்தில் சில நாள் கோயிலுக்குப் போவதற்காக நால்வர் நாள்தோறும் ஆற்றைக் கடப்பது சரியா என்று கேட்டபோது, முதலில் "வேண்டாம்" என்றது அந்த அம்மாதான். பேத்தி சைக்கிளில் பாலத்தில் போவதை நினைத்துச் சொன்னார்.

வாங்குகிறவர்களுக்கு ஸ்ரீரங்கத்தில் வேறொரு கேள்வியும் இருக்கிறது. கோயிலைச் சுற்றிய வீதிகளில் பல வீடுகளின் அடிமனை யாருக்குச் சொந்தம் என்பதில் கோயிலுக்கும் குடியிருப்போருக்கும் நீண்ட நாளாக வழக்கு உண்டு. பத்திரப்பதிவே நின்றுபோன காலம் இருந்தது. வாடகைக்கு இருப்பவரை இது பாதிக்காது. வாங்க நினைப்பவர் வக்கீலைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

தில்லைநகர்

இதை நீட்ட வேண்டியதில்லை. நேரான குறுக்குத் தெருக்கள், நல்ல கடைகள், திரும்பிய பக்கமெல்லாம் மருத்துவர்கள். நண்பரின் மனைவி நடந்தே வேலைக்குப் போகலாம். அவர்கள் கையில் இருந்த பணத்துக்கு அங்கே கிடைத்தது மூன்றாவது மாடியில் லிஃப்ட் இல்லாத இரண்டு அறைகள். முழங்கால் வலிக்காரருக்கு அது சிறை. போதாததற்கு, மாரிஸ் தியேட்டர் பக்கத்துக் கோட்டை ரயில்வே மேம்பாலத்தை இடித்துக் கட்டும் வேலை வேறு ஓடிக்கொண்டிருந்ததால், அந்தப் பக்கத்து வண்டிகளெல்லாம் உள்தெருக்களில் புகுந்து போயின.

திருவெறும்பூர், காட்டூர்

நண்பரின் அலுவலகத்தில் எல்லாரும் சிபாரிசு செய்தது இந்தப் பக்கத்தைத்தான். வாடகை குறைவு, பெரிய வீடு, துவாக்குடி பக்கம். பெல் நிறுவனம் அறுபதுகளில் வந்ததிலிருந்து தஞ்சாவூர் சாலை நெடுகத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்து வளர்த்த பகுதி இது. பள்ளிகளுக்கும் குறைவில்லை. நண்பர் ஒருவரை மட்டும் கணக்கில் வைத்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு காட்டூரைச் சொல்லியிருப்பேன்.

ஆனால் பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை அந்த நெடுஞ்சாலைக்கு முறையான அணுகுசாலை கிடையாது. அந்தப் பகுதி மக்கள் பல வருஷமாக அதற்காகப் போராடி வருகிறார்கள். அணுகுசாலை இல்லாததால் எதிர்ப்பக்கம் போக வேண்டிய டூ வீலர்கள் சுற்றிப் போகாமல் நெடுஞ்சாலையிலேயே எதிர்த்திசையில் வருகின்றன. காலை எட்டரை மணிக்கு ஒரு பக்கம் லாரியும் பஸ்ஸும் பறக்க, இன்னொரு பக்கம் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகளை முன்னாலும் பின்னாலும் வைத்துக்கொண்டு அப்பாக்கள் எதிரே வருவதை நண்பரும் அவர் மனைவியும் நின்று பார்த்தார்கள். அப்புறம், மனைவி தில்லைநகர் போக வேண்டுமானால் அரியமங்கலம், காந்தி மார்க்கெட் வழியாகப் போக வேண்டும். காய்கறி லாரிகள் நிற்கும் நேரமும் அவர் வேலைக்குப் போகும் நேரமும் ஒன்றுதான். அரியமங்கலம் குப்பைக் கிடங்கில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த குப்பையைப் பிரித்து அகற்றும் வேலை நடந்தாலும், காற்று திசை மாறினால் நாற்றமும், கோடையில் தீப்பிடித்தால் புகையும் சுற்றுவட்டாரத்துக்கு இன்னும் பழக்கமானவை. சர்க்கரையும் மூச்சிரைப்பும் உள்ள அம்மாவை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக இருவருக்கும் மனம் வரவில்லை.

வெள்ளம்

முடிச்சூர்க்காரர்களுக்கு 2015 டிசம்பரை மறக்க முடியாது. அடையாறு பெருகி வீட்டுக்குள் வந்த தண்ணீரில் இவர்கள் ஃப்ரிட்ஜும் புத்தகங்களும் போயின. அதனால் வீட்டைக் காட்டும் புரோக்கரிடம் நண்பரின் மனைவி கேட்ட முதல் கேள்வியே தண்ணீர் நிற்குமா என்பதுதான். "மேடம், திருச்சியில வெள்ளமா?" என்று எல்லாரும் சொன்னார்கள். அது உண்மை இல்லை. 1977-லும் 2005-லும் மழைக்காலத்தில் கோரையாறும் குடமுருட்டியும் கரை மீறி உறையூரிலும் அதை ஒட்டிய தாழ்வான நகர்களிலும் புகுந்தன. காவிரியில் வெள்ளம் போகும்போது இந்தச் சிற்றாறுகளின் தண்ணீர் வடிய இடம் கிடைக்காமல் எதிர்த்துத் தேங்கும். வெயில் காலத்தில் பார்த்தால் கோரையாறு ஒரு கருவேலங்காடு. அதைப் பார்த்து இது ஆறு என்று வெளியூர்க்காரர் நம்பவே மாட்டார்.

இதற்கு நாங்கள் செய்தது எளிமையான காரியம். பிடித்த தெரு ஒவ்வொன்றிலும் புரோக்கரை விட்டுவிட்டு, தெருவில் ரொம்ப நாள் இருக்கும் இஸ்திரிக்காரர், மளிகைக்கடைக்காரர், பால்காரர் யாரிடமாவது 2005-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டோம். இப்படிக் கேட்டால் சுவரில் கை வைத்தே காட்டுவார்கள். எடமலைப்பட்டிப்புதூர் பக்கம் நல்ல தனி வீடு ஒன்று, சொன்ன வாடகைக்குள்ளேயே கிடைத்தது. அந்தத் தெருவின் பால்காரர் தன் முழங்காலுக்கு மேலே கை காட்டினார். அந்த வீடு அன்றோடு முடிந்தது.

முடிவு

கடைசியில் கே.கே. நகர். டி.வி.எஸ். டோல்கேட்டிலிருந்து தெற்கே, விமான நிலையத்துக்கு அருகில் உள்ள பகுதி. இங்கே வெளியூர்க்காரர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். திருச்சியில் டோல்கேட் இரண்டு. நம்பர் 1 டோல்கேட் கொள்ளிடத்துக்கு வடக்கே, டி.வி.எஸ். டோல்கேட் ஊருக்குத் தெற்கே. "டோல்கேட் பக்கத்துல வீடு" என்று விளம்பரத்தில் பார்த்தால் எந்த டோல்கேட் என்று கேட்டுவிட்டுக் கிளம்பவும்.

நண்பரின் கம்பெனி வேன் டி.வி.எஸ். டோல்கேட்டில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு ஜி கார்னர், பால்பண்ணை வழியாகத் துவாக்குடி போகிறது. இந்த விவரம் எந்த வீட்டு விளம்பரத்திலும் வராது. கம்பெனியில் கேட்டால்தான் தெரியும். வேலை ஒப்புக்கொண்ட அன்றே வேன் எங்கெல்லாம் நிற்கிறது என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பேன். ஜி கார்னரில் ரயில் பாதைக்கு மேலே போகும் நெடுஞ்சாலைப் பாலத்தின் பக்கச் சுவர் 2024 ஜனவரியில் பழுதாகி, போக்குவரத்தைத் திருப்பிவிட்டார்கள். நாங்கள் வீடு பார்த்தபோது அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆக, நண்பருக்கும் ஒரு பாலம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதில் அவர் வண்டி ஓட்டப்போவதில்லை. நெரிசலில் வேன் தாமதமானால் கம்பெனிக்கே தெரியும், சம்பளம் பிடிக்க மாட்டார்கள்.

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஜங்ஷன் ரயில் பாதையைக் கடந்தாக வேண்டும். அங்கேதான் கே.கே. நகர் மற்ற இடங்களை முந்தியது. தலைமைத் தபால் நிலையம் பக்கம் ஒரு வழி. இன்னொன்று மன்னார்புரம் வழியாக அரிஸ்டோ மேம்பாலம். அந்தப் பாலத்தின் மன்னார்புரம் பக்கத்துக் கை, ராணுவ நிலம் கைக்கு வராததால் பல வருஷம் பாதியில் நின்று, 2023-ல்தான் திறந்தது. திறக்கும் முன்பு யாராவது என்னிடம் கேட்டிருந்தால் கே.கே. நகரிலிருந்து தில்லைநகருக்குத் தினமும் போகச் சொல்லியிருக்க மாட்டேன். ஒன்று அடைத்தால் இன்னொன்று உண்டு என்ற நிலைமை வந்தபிறகு அந்தப் பகுதியே வேறு பகுதி ஆகிவிட்டது.

அம்மாவுக்கு என்ன செய்வது என்பதில்தான் அதிகம் யோசித்தோம். பகல் முழுக்க அந்த ஏரியாவில் வாழப்போவது அவர் ஒருவர்தான். மற்றவர்கள் காலையில் போய் இருட்டியபின் வருகிறவர்கள். அவர்களுக்குப் பாலம் முக்கியம். அவருக்கோ தன் காலால் எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். குடும்பங்கள் வீடு தேடும்போது சம்பாதிக்கிறவரின் பயணத்தை அளக்கிறார்கள், வீட்டில் இருக்கிறவரின் பகலை யாரும் அளப்பதில்லை. எனக்கு இதில் கோபமே உண்டு. வயதானவர்கள் ஊர் மாறி ஆறே மாதத்தில் ஒடுங்கிப்போவதை நம் எல்லார் குடும்பத்திலும் பார்த்திருக்கிறோம்.

அதனால் கே.கே. நகருக்குள்ளேயே ஒரு தெருவைத் தேடினோம். தரைத்தளம், வாசலிலிருந்து சாலை கடக்காமல் போகக்கூடிய ஒரு கோயில், நடை தூரத்தில் உழவர் சந்தை, மருந்துக்கடை, பஸ் நிறுத்தம். இந்த நிபந்தனையால் நல்ல வீடுகள் இரண்டு மூன்று கைவிட்டுப் போயின. கிடைத்த வீடு கொஞ்சம் பழசு, சமையலறை சின்னது. அம்மாவை ஆட்டோவில் அழைத்து வந்து அந்தத் தெருவில் அவரையே நடந்து பார்க்கச் சொன்னோம். கோயில் வரை போய், வழியில் ஒரு அம்மாளிடம் பேச்சுக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, "சரி, இங்கேயே இருக்கலாம். ஏகாதசிக்கு ஏகாதசி என்னை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிடணும்" என்றார்.

வீட்டுக்காரர் முதலில் ஐந்து லட்சம் போக்கியத்துக்குத்தான் விடுவேன் என்றார். மாதா மாதம் வாடகை இல்லை என்பது ஆசை காட்டும். ஆனால் வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் போட்ட பணம் மாட்டிக்கொள்ளும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, பதிவு செய்துதான் போக்கியம் போக வேண்டும். ஊர் இன்னும் பிடிபடாத முதல் வருஷத்தில் அவ்வளவு பணத்தை ஒரே இடத்தில் கட்டிப்போடவும் வேண்டாம் என்று, பேசிப் பேசி 13,000 ரூபாய் வாடகைக்கு ஒப்புக்கொள்ள வைத்தோம். ஒப்பந்தம் எழுத்தில். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது.

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு

பயணக் கணக்கு பலித்தது. நண்பர் வேனில் தூங்கிக்கொண்டு போகிறார். மனைவி ஸ்கூட்டரில் அரிஸ்டோ வழியாகப் போய்வருகிறார், வழியிலேயே பிள்ளைகளை இறக்கிவிடுகிறார். மகளுக்கு டியூஷன் பக்கத்துத் தெருவிலேயே அமைந்தது. இது நாங்கள் எதிர்பார்க்காத நன்மை.

பலிக்காதவையும் உண்டு. போர் தண்ணீர் உப்பு. காவிரிக் குழாய்த் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் போதும், துணி துவைக்கவும் குளிக்கவும் உப்புத் தண்ணீர்தான். மனைவியும் மகளும் முடி கொட்டுவதாக வருத்தப்படுகிறார்கள். வீடு பார்க்கும்போது குழாயைத் திறந்து ஒரு வாய் ருசி பார்ப்பதோடு, எத்தனை நாளுக்கு ஒருமுறை எவ்வளவு நேரம் காவிரித் தண்ணீர் வருகிறது என்று மாடி வீட்டில் கேட்பதும் அவசியம். பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய தெருவை மாதக்கணக்கில் மூடாமல் வைத்திருந்தார்கள். அந்தக் காலம் முழுவதும் அம்மாவின் கோயில் நடை நின்றுபோனது, அவர் முகமும் வாடிப்போனது. எந்தத் தெருவில் வேலை முடிந்துவிட்டது, எங்கே இனிமேல் என்பதைக் கேட்டுவிட்டு வீடு பிடிப்பது வயதானவர் இருக்கும் வீட்டுக்கு ரொம்ப முக்கியம். விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜூனில் இயங்கத் தொடங்கியது. நள்ளிரவில் வரும் வெளிநாட்டு விமானங்களின் சத்தத்துக்கு மகன் முதல் மாதம் எழுந்து உட்கார்ந்துவிடுவான். இப்போது பழகிவிட்டது.

ஊரின் பாலக் கணக்கும் அப்படியே நிற்கவில்லை. 2025 மே மாதம் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையத்தைத் திறந்தார்கள், ஜூலையில் வெளியூர் பஸ்கள் அங்கே போய்விட்டன. கே.கே. நகருக்கு அது ஒன்றும் தூரமில்லை. ஆனால் ஸ்ரீரங்கத்துக்கோ திருவெறும்பூருக்கோ இரவில் வந்து இறங்குகிறவர்கள் ஊரின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அம்மா ஏகாதசி தவறாமல் ஸ்ரீரங்கம் போய்வருகிறார். தெருக்கோயிலில் மார்கழி திருப்பாவைக்கு அவர்தான் இப்போது முதல் குரல். ஆனாலும் அந்தப் பக்கம் குடியிருந்திருக்கலாம் என்ற நினைப்பு அவருக்குப் போகவில்லை. போகவும் வேண்டாம். அவர் விட்டுக்கொடுத்தது சின்ன விஷயம் இல்லை.

இப்போது நண்பர் மனை வாங்கப் பார்க்கிறார். பஞ்சப்பூர் முனையம் வந்ததிலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்தில் புதிய மனைப்பிரிவுகளின் விளம்பரம் ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறது. கோரையாறும் அந்தப் பக்கம்தான் வருகிறது. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா, ரெரா (வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இருக்கிறதா, பழைய வரைபடத்தில் அந்தச் சர்வே எண் ஓடையிலோ ஏரியிலோ வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். காகிதம் சரியாக இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மனையில் போய் நின்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை என்று அவர் மனைவி சொல்லிவிட்டார்.